சான் பிரான்சிஸ்கோவில் மங்கூ ராம்: கடல் கடந்து கற்ற சமத்துவம்

கடல் கடந்துவிட்டால் சாதி கழன்றுவிடும் என்னும் நம்பிக்கை நம் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் நாத்தாலின் கரும்புக் காடுகளுக்கும் கப்பலேறிய நம் முன்னோரில் பலர் அந்த நம்பிக்கையைச் சுமந்து சென்றனர். மேற்படிப்புக்காகவும் கணினித் துறைப் பணிக்காகவும் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு விமானம் ஏறும் இன்றைய மாணவர்களிடமும் அது இருக்கிறது. அந்த நம்பிக்கையில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று உரசிப் பார்க்க நமக்கு ஒரு முழு வாழ்க்கையே உரைகல்லாகக் கிடைத்திருக்கிறது. பஞ்சாபின் ஆதி தர்ம இயக்கத்தை நிறுவிய மங்கூ ராம் முகோவாலியாவின் வாழ்க்கைதான் அது.

மங்கூ ராமை நாம் வழக்கமாக 1926க்குப் பிந்தைய தலைவராகவே அறிந்திருக்கிறோம். தீண்டப்படாதோர் இந்துக்கள் அல்லர், தனித்த சமூகத்தார் என்று அறிவித்தவர். அந்த அறிவிப்பை 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிய வைத்தவர். ஆனால் அந்தத் தலைவர் உருவான இடம் பஞ்சாபுக்கு வெளியே, பசிபிக் கடலோரத்துக் குன்றுகளின் மேல் கட்டப்பட்ட ஒரு நகரத்தில் இருக்கிறது. அங்கே அவர் எதைக் கண்டார், எதைக் கற்றார், எதை ஊருக்குக் கொண்டுவந்தார் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

முகோவாலின் ஜன்னல்

மங்கூ ராம் 1886 ஜனவரி 14 அன்று ஹோஷியார்பூர் மாவட்டத்தின் முகோவால் சிற்றூரில் பிறந்தார். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சமூகத்தைச் சேர்ந்தது அவர் குடும்பம். தந்தை ஹர்நாம் தாஸ் பரம்பரைத் தொழிலை அதன் பழைய வடிவிலேயே செய்துகொண்டிருக்க விரும்பவில்லை. பதனிட்ட தோலை வெளியூர் வணிகர்களுக்கு விற்கும் வணிகராக மாற முயன்றார். அங்கே ஒரு தடை எழுந்தது. தோல் கேட்டு வரும் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைப் படித்துச் சொல்லும் கல்வி ஊரின் ஆதிக்கச் சாதியாரிடம் மட்டுமே இருந்தது. அவர்கள் அதற்குக் கூலியாகக் கேட்டது பணத்தை அன்று, ஒரு நாள் வெட்டி வேலையை. எழுத்தறிவின்மைக்கு விலை உடலுழைப்பாக வசூலிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டிலிருந்து விடுபடவே தந்தை மகனைப் பள்ளிக்கு அனுப்பினார்.

மூன்று வயதிலேயே தாயை இழந்திருந்த சிறுவன் முதலில் ஊர்ச் சாது ஒருவரிடம் எழுத்துக் கற்றான். பிறகு முகோவாலைச் சுற்றியிருந்த பள்ளிகளிலும், தேராதூன் பக்கத்தில் அண்ணன் வாழ்ந்த ஊரிலும் படித்தான். பெரும்பாலான வகுப்புகளில் அவன் ஒருவனே தீண்டப்படாத சமூகத்து மாணவன். பின்வரிசையிலோ, தனி அறையிலோ அமர்ந்து திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டான். பஜ்வாரா உயர்நிலைப் பள்ளியில் அந்த இடமும் இல்லை. வகுப்புக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் ஆலங்கட்டி மழை கொட்டியபோது அவன் உள்ளே ஓடி வந்தான். ஆசிரியர் அவனை அடித்தார். அவன் நின்ற இடத்தருகே இருந்த மேசை நாற்காலிகளையும் வெளியே மழையில் வைத்துத் தீட்டுக் கழுவினார். பிற்காலத்தில் தம் வாழ்வைக் கூறும்போதெல்லாம் மங்கூ ராம் மறவாது சொன்ன நிகழ்ச்சி இது.

1905இல் படிப்பு நின்றது. திருமணம் முடிந்தது. மூன்று ஆண்டுகள் தந்தையின் தோல் வணிகத்தில் கை கொடுத்தார். 1909இல், இருபத்து மூன்றாம் வயதில், தந்தையைச் சம்மதிக்க வைத்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

அன்று ஜலந்தரும் ஹோஷியார்பூரும் அடங்கிய தோவாபா வட்டாரத்திலிருந்து இளைஞர்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்வது பெருகியிருந்தது. சென்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் நிலமுடைய ஜாட் சீக்கியர். பலர் பிரித்தானியப் படையில் பணியாற்றியவர்கள். அவர்களிடையே தோல் தொழிலாளியின் மகன் ஒருவன் செல்வது அரிது.

இரு கண்டங்கள், இரு நிலச் சட்டங்கள்

மங்கூ ராம் முதலில் வாழ்ந்தது நகரத்தில் அன்று. கலிபோர்னியாவின் உட்பகுதியில், ஃபிரெஸ்னோவைச் சுற்றிய சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கூலி வேலை செய்தார். சர்க்கரை ஆலையிலும் உழைத்தார். வெயில் கடுமையான, சமதளமான, திராட்சையும் பிற கனிகளும் விளையும் வேளாண் நாடு அது. பஞ்சாபிலிருந்து முன்னரே வந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தோரின் தோட்டங்களிலும் அவர் பழம் பறித்தார். கண்டம் மாறிய பின்னும் நிலம் அவர்கள் கையிலும் கூலி இவர் கையிலுமாகவே இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் புதிய நாட்டில் ஜாட் நிலத்தாரும் மேல் நிலையில் இல்லை. சீனர்களை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்த அமெரிக்கா, அடுத்து ஜப்பானியர் மீதும் இந்தியர் மீதும் பார்வையைத் திருப்பியிருந்தது. 1905இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஆசியர் விலக்குக் கழகம் இதற்கெனவே இயங்கியது. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல்கள் மர ஆலைகளில் வேலை செய்த நூற்றுக்கணக்கான இந்தியர்களை ஊரைவிட்டே விரட்டின. சீக்கியர், முஸ்லிம், இந்து, தீண்டப்படாதவர் என எவரானாலும் அங்கே அனைவருக்கும் இந்து என்ற ஒரே பெயர்தான், அதுவும் இழிசொல்லாக. முகோவாலில் பிறப்பால் மேலோராக இருந்தவர்கள், கலிபோர்னியாவில் பிறப்பால் கீழோராக நடத்தப்படுவது என்றால் என்ன என்பதை முதன்முறையாகத் தம் உடலில் உணர்ந்தனர்.

இங்கே இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில மாற்றச் சட்டம், வேளாண் குலங்கள் எனப் பட்டியலிடப்பட்ட சாதிகளுக்கு உரிய நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுத்தது. கந்துவட்டிக்காரரிடமிருந்து உழவரைக் காப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. தீண்டப்படாத சாதிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அந்த நிலங்களில் உழைத்து வாழ்ந்தவர்களால் அவற்றை வாங்க இயலாது போயிற்று. 1913இல் கலிபோர்னியா இயற்றிய அயலார் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டார் வேளாண் நிலம் வாங்குவதைத் தடுத்தது. ஜப்பானியரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அது பின்னர் இந்தியர் மீதும் பாய்ந்தது. முதற்சட்டத்தின் காப்பைப் பெற்ற சாதியினர் இரண்டாம் சட்டத்தைக் கண்டு அநீதி என்று கொதித்தனர். அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் அதே அநீதி தம் ஊரில் தம் பெயரால் நடைபெறுவதை அவர்களில் எத்தனை பேர் கண்டனர்?

இதற்கு எதிர்மறைச் சான்று ஒன்று உண்டு. பஞ்சாபிலிருந்து சென்று அமெரிக்கப் படையில் பணிபுரிந்த பகத் சிங் திண்ட் என்பவர் குடியுரிமை கேட்டுத் தொடர்ந்த வழக்கு 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே குடியுரிமை என்ற சட்டத்தை அவர் தரப்பு எதிர்க்கவில்லை. தாம் உயர்சாதி ஆரியர், எனவே தாமும் வெள்ளையரே என்று வாதிட்டது. இந்தியாவின் பூர்வகுடிகளோடு உயர்சாதியார் மண உறவு கொள்ளாததையும், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரோடு மணம் கொள்ள மறுப்பதையும் ஒப்பிட்டு, அதையே தகுதிச் சான்றாகக் காட்டியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இனவெறியால் துன்புற்ற ஒருவரின் தரப்பே தப்பிக்கும் வழியாகச் சாதியை நீட்டியதை இந்த வழக்கு பதிந்து வைத்திருக்கிறது. பொதுவான அவமானம் தானாகவே மனிதரைச் சமமாக்கிவிடாது. அதற்கு வேறொன்று தேவைப்படுகிறது. அந்த வேறொன்றைத்தான் மங்கூ ராம் சான் பிரான்சிஸ்கோவில் கண்டார்.

குன்றுத் தெருவின் அச்சகம்

1913இல் பசிபிக் கரையின் இந்தியத் தொழிலாளர்கள் ஓர் அமைப்பாகத் திரண்டனர். சோகன் சிங் பக்னா தலைவர். லாலா ஹர்தயாள் செயலாளர். 1913 நவம்பர் 1 அன்று அவர்கள் உருதுவில் தொடங்கிய இதழின் பெயர் கதர். நம் நாட்டுக் கைத்தறிக் கதரோடு இதற்குத் தொடர்பில்லை. கிளர்ச்சி என்பது இச்சொல்லின் பொருள். சில வாரங்களில் குர்முகி எழுத்திலும் இதழ் வெளிவந்தது. இதழின் பெயரே கட்சிக்கும் பெயராயிற்று. அவ்வாண்டிலேயே மங்கூ ராம் தோட்ட வேலையை விட்டு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து கட்சியின் முழுநேர ஊழியரானார்.

மேற்கே பெருங்கடல், வடக்கே ஒடுங்கிய கடல்வாயில், கிழக்கே விரிகுடா என மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலமுனையில் குன்றுகளின் மேல் அமைந்த நகரம் அது. தெருக்கள் மேட்டில் ஏறிச் சரிவில் இறங்கும். குதிரைகள் வண்டி இழுக்கத் திணறிய சரிவுகளில் ஏறுவதற்காகவே 1873 முதல் கம்பிவட வண்டிகள் ஓடின. கோடையிலும் கடலிலிருந்து பனிமூட்டம் புகுந்து நகரை மூடிவிடும். ஃபிரெஸ்னோவின் வெயிலில் வெந்தவருக்கு அது முற்றிலும் வேறு நாடாகவே தோன்றியிருக்கும். இன்று நாம் படங்களில் காணும் செந்நிறத் தொங்குபாலம் அன்று கட்டப்படவில்லை. 1906 ஏப்ரல் 18 அன்று நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அழித்த நகரம் மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. விரிகுடாவின் நடுவே ஏஞ்சல் தீவில் 1910 முதல் குடிவரவு நிலையம் இயங்கியது. ஆசியாவிலிருந்து வந்தோரை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்து வைத்து விசாரித்த இடம் அது. அந்த நகரம் மங்கூ ராமை வரவேற்றது என்று நாம் எழுதினால் அது பொய்யாகும்.

அவரை வரவேற்றது நகரத்தினுள் இருந்த ஒரு வீடு. ஹில் ஸ்ட்ரீட் 436ஆம் எண் இல்லத்தில் கட்சியின் முதல் தலைமையகம் அமைந்தது. தெருவின் பெயருக்குக் குன்றுத் தெரு என்பதே பொருள். யுகாந்தர் ஆசிரமம் என்று அதற்குப் பெயரிட்டனர். பின்னர் வேறு முகவரிகளுக்கு மாறி, இறுதியில் வுட் ஸ்ட்ரீட் 5ஆம் எண்ணில் நிலைத்தது. அங்கே இதழ் எழுதினர், அச்சிட்டனர், மடித்தனர், உறையிலிட்டு உலகெங்கும் அனுப்பினர். ஊழியருக்குச் சம்பளம் கிடையாது. உண்டியும் உறையுளும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் மட்டுமே. அனைவரும் ஒரே கூரையின் கீழ் தங்கினர். சமையல் பொது. பந்தி பொது. மதத்தைப் பற்றிய விவாதத்துக்கு அமைப்புக்குள் இடமில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு என்பது விதி.

ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தவர் இப்போது அச்சகத்துக்கு உள்ளே நின்றார். கடிதம் படித்துச் சொல்லக் கூலியாக வெட்டி வேலை செய்தவரின் மகன், ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இதழை அனுப்பும் கூட்டத்தில் ஒருவரானார். அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்தோர் பலரும், ஊரில் அவருடைய நிழலையும் விலக்கிய சாதியினர். கதர் அமைப்பில் தாம் ஒரு புதிய சமுதாயத்தைக் கண்டதாகவும், அங்கே தாம் சமமாக நடத்தப்பட்டதாகவும் முதுமைக் காலத்தில் மங்கூ ராம் நினைவுகூர்ந்தார்.

இந்தச் சமத்துவம் எங்கிருந்து வந்தது என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்கா அதைத் தரவில்லை. அந்நாடு ஆசியரை வெளியேற்றும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தது. கடல் அதைத் தரவில்லை. ஃபிரெஸ்னோவின் தோட்டத்துக்கும் மங்கூ ராம் கடல் கடந்துதான் வந்தார். ஜாட்டுகளின் மனமாற்றம் அதைத் தந்தது என்று கூறவும் நம்மிடம் சான்றில்லை. பொதுச் சமையல், பொது உழைப்பு, சம கைச்செலவு, மதப் பேச்சுக்குத் தடை என எழுதப்பட்ட விதிகளும் நாள்தோறும் கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்குமே அதைத் தந்தன. சமத்துவம் அங்கே ஓர் உணர்ச்சியாக இல்லாமல் ஏற்பாடாக இருந்தது. ஏற்பாட்டைக் கற்றுக்கொள்ள முடியும்; கற்றதை வேறிடத்தில் மீண்டும் கட்ட முடியும்.

அதே 1913ஆம் ஆண்டின் ஜூலையில் அமெரிக்காவின் மறுகரையில், நியூயார்க் நகரில் பரோடா அரசின் உதவித்தொகையோடு இன்னொரு இளைஞர் வந்திறங்கினார். அவர் பீமராவ் அம்பேத்கர். ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நூலகத்திலும், மற்றவர் பசிபிக் கரையின் அச்சகத்திலும் பயின்றனர். இருவருமே தாயகம் திரும்பியபோது சாதியின் முகத்தில் மோதினர். படித்த பட்டத்தாலோ செய்த தியாகத்தாலோ அந்த முகம் மாறிவிடவில்லை.

இறந்துபோனவர் என அறிவிக்கப்பட்டவர்

1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் கதர் கட்சியினர் பெருந்திரளாக இந்தியாவுக்குத் திரும்பிக் கிளர்ச்சிக்கு முயன்றனர். ஜெர்மனியின் உதவியோடு ஆயுதங்களை அனுப்பும் திட்டமும் உருவாயிற்று. ஆனி லார்சன் என்னும் பாய்மரக் கப்பல் ஆயுதங்களோடு மெக்சிகோவை ஒட்டிய சொக்கோரோ தீவில் காத்திருக்க வேண்டும். மேவரிக் என்னும் எண்ணெய்க் கப்பல் அங்கே வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு ஆசியாவுக்குச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயுதங்களுக்குத் துணையாகச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் மங்கூ ராமும் ஒருவர். உயிரையே ஒப்படைக்கும் நம்பிக்கை அது. நிஜாமுதீன் என்ற மாற்றுப் பெயரில் அவர் பயணம் செய்தார்.

இரு கப்பல்களும் சந்திக்கவே இல்லை. ஆனி லார்சன் அலைந்து திரிந்து 1915 கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹொக்குவியம் துறைமுகத்தை அடைந்தபோது அமெரிக்க அதிகாரிகள் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தனர். வெறுங்கப்பலாகிய மேவரிக், டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில் போய் முடங்கியது. அதன்பின் நடந்தவற்றை மங்கூ ராம் பிற்காலத்தில் கூறியபடி அறிகிறோம்: பிரித்தானியர் கையில் சிக்கி மரணத்தின் விளிம்புவரை சென்றதாகவும், ஜெர்மானியர் உதவியால் தப்பி மணிலாவை அடைந்ததாகவும், தாம் இறந்துவிட்டதாக வந்த செய்தியை அங்கே செய்தித்தாளில் படித்ததாகவும் அவர் சொன்னார். ஊரில் குடும்பம் அவர் சாவை நம்பியது. அவர் மனைவியைக் கைம்பெண்ணாகக் கருதி, வழக்கப்படி மறுமணம் செய்து வைத்தது. புரட்சியாளரின் துணிவைப் பாடும் வரலாறுகள் இந்த இழப்பை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அதன் கனத்தைத் தாங்கியவர் ஊரில் இருந்த அந்தப் பெண்.

போர் முடிந்தும் அவரால் உடனே திரும்ப இயலவில்லை. மற்றொரு துறைமுக நகரமான மணிலாவில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்து பல ஆண்டுகளைக் கழித்தார். 1925இல், பதினாறு ஆண்டுகளுக்குப் பின், தாயகம் திரும்பினார். இலங்கையில் இறங்கி மதுரை, சென்னை, பம்பாய், புனே, நாக்பூர், டெல்லி என நாட்டின் நீளத்தைக் கடந்தே பஞ்சாபை அடைந்தார். வழிநெடுகத் தீண்டப்படாதோரின் நிலையைக் கண்டார். கதர் கட்சியின் விதிகள் கடலுக்கு அப்பால் ஒரு வீட்டுக்குள் மாற்றியிருந்ததை, இங்கே எவரும் மாற்றியிருக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு கடிதம்

ஊர் வந்து சேர்ந்தவர் முதலில் செய்தவற்றுள் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்த கட்சித் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதியது. தீண்டப்படாதோரின் நிலையை விவரித்து, அவர்களுடைய விடுதலையே தமக்கு முதன்மையானது என்று அதில் தெரிவித்தார். தலைமையகம் அப்பணியையே அவருக்கு ஒப்படைத்தது. நம் நாட்டின் விடுதலை இயக்க வரலாற்றில் இத்தகைய மறுமொழி அரிது. முதலில் நாடு விடுதலை பெறட்டும், சாதியைப் பிறகு பார்க்கலாம் என்ற மறுமொழியையே நம் தலைவர்கள் பலமுறை கேட்டிருக்கின்றனர்.

1925இன் இறுதியில் முகோவாலில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு தொடக்கப் பள்ளியை அவர் தொடங்கினார். 1926 ஜூன் 11, 12 ஆகிய நாள்களில் அதே முகோவாலில் கூடிய பெரும் மாநாட்டில் ஆதி தர்ம இயக்கம் அறிவிக்கப்பட்டது. வசந்த் ராய், தாக்கூர் சந்த், சுவாமி சூத்ரானந்த் போன்றோர் ஆரிய சமாஜத்தின் சீர்திருத்தத்தில் நம்பிக்கை இழந்து அவருடன் இணைந்திருந்தனர். தீண்டப்படாதோர் இந்நாட்டின் ஆதிக்குடிகள். இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்களைப் போல அவர்களும் தனிச் சமூகம் என்பது இயக்கத்தின் அடிப்படை. ரவிதாசரையும் வால்மீகியையும் கபீரையும் நாமதேவரையும் அது குருமார்களாக முன்னிறுத்தியது.

ஆதி என்ற சொல் நமக்குப் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் நம் மக்களைச் சாதிபேதமற்ற பூர்வகுடிகளாகப் பதிவு செய்யுமாறு பஞ்சாபுக்கு ஒரு தலைமுறை முன்பே கோரியிருந்தார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. ஆந்திரத்தில் ஆதி ஆந்திரர், ஐக்கிய மாகாணத்தில் ஆதி இந்துக்கள், பஞ்சாபில் ஆதி தர்மிகள் என நாடெங்கும் எழுந்த ஒரே அலையின் திவலைகள் இவை.

ஆயினும் மங்கூ ராமின் இயக்கத்தில் குன்றுத் தெருவின் கைவண்ணம் தெளிவாகத் தெரிகிறது. ஜலந்தரில் ஒரு தலைமையகம். ஆதி டங்கா என்னும் இதழ். ஊதியம் பாராது ஊர் ஊராகச் சென்ற பரப்புரையாளர்கள். எழுதி அச்சிடப்பட்ட விதித் தொகுப்பு: அதில் 12 கடமைகளும் 56 கட்டளைகளும் இருந்தன, ஆண், பெண் குழந்தைகள் இருபாலருக்கும் கல்வி தர வேண்டும் என்பதும் குடியை விலக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். உறுப்பினர் ஒருவரையொருவர் காணும்போது சொல்லவேண்டிய வணக்கச் சொல்கூட வகுக்கப்பட்டது. சமத்துவத்தை வேண்டுகோளாக வைக்காமல் ஒழுங்காக அமைக்கும் முறை அது.

அதன் பெருஞ்சோதனை 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆதி தர்மி என்று தனியே பதியும் உரிமையை இயக்கம் போராடிப் பெற்றது. பதிந்தவர்கள் ஊர்களில் பழிவாங்கப்பட்டனர். வயலில் கால்வைக்கவும் கால்நடைகளுக்குப் புல் அறுக்கவும் தடை வந்தது. குடியிருந்த மனைகூட நிலத்தாருக்கு உரிமையானதாக இருந்த மக்களுக்கு அது எத்தகைய தண்டனை என்பது நம் சேரிகளுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். அந்த மிரட்டலை மீறி பஞ்சாபில் 4,18,789 பேர் தம்மை ஆதி தர்மிகள் எனப் பதிந்தனர். வட்டமேசை மாநாட்டின் காலத்தில் தீண்டப்படாதோரின் தலைவர் அம்பேத்கரே என்று லண்டனுக்குத் தந்திகள் அனுப்பியோரில் இவ்வியக்கத்தாரும் இருந்தனர். அம்மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்த நம் இரட்டைமலை சீனிவாசனும் ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பியவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

1937 தேர்தலில் பஞ்சாபின் 8 தனித்தொகுதிகளில் 7இல் ஆதி தர்ம இயக்கத்தார் வென்றனர். 1946இல் மங்கூ ராமே சட்டமன்ற உறுப்பினரானார். வெற்றியோடு வலுவிழப்பும் வந்தது. இயக்கத்தின் ஆற்றல் தேர்தல் அரசியலுக்குள் கரைந்தது. தலைவர்கள் பல கட்சிகளுக்குப் பிரிந்தனர். ஒன்றிணைக்க எண்ணிய சாதிகள் அனைத்தையும் அதனால் ஒன்றிணைக்க இயலவில்லை. அதன் வலிமை பெரும்பாலும் தோல் தொழில் சமூகத்திலேயே தங்கியது. பொதுப் பந்தியின் பாடத்தை நமக்குள்ளேயே முழுமையாக நிறைவேற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவும் சான்று. 1980 ஏப்ரல் 22 அன்று மங்கூ ராம் மறைந்தார்.

அவர் சென்ற கரைக்கு இன்று நம் மாணவர்கள் செல்கின்றனர். சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கணினி நிறுவனங்களில் சாதிப் பாகுபாடு பற்றிய புகார்கள் எழுந்து, வழக்குவரை சென்றுள்ளன. அதே பசிபிக் கரையின் மற்றொரு குன்று நகரமான சியாட்டில் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. கலிபோர்னியா சட்டமன்றம் அவ்வாண்டு நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் ஒப்புதல் தராமல் திருப்பினார். நிறவெறிக்கு உள்ளான புலம்பெயர் சமூகம் தன் சாதியைத் தானே கைவிட்டுவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதை திண்ட் வழக்கு நூறாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

ஆகவே வெளிநாட்டுக் கனவோடு நிற்கும் நம் இளைஞர்களிடம் செல்லாதீர் என்று நாம் சொல்லப் போவதில்லை. செல்லுங்கள். ஆனால் சென்ற ஊரில் முதலில் தேட வேண்டியது நல்ல வாடகை வீட்டை மட்டும் அன்று. ஒன்றாகச் சமைத்து உண்ணும் கூட்டம் எங்கே உள்ளது, அதன் விதிகள் எழுதப்பட்டுள்ளனவா, அவ்விதிகளை மீறுவோரைக் கேட்க வழி உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் நீங்களே ஒன்றைக் கட்டுங்கள். மங்கூ ராம் பதினாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது அவர் பையில் பெரிய பணம் இல்லை. ஒரு வீட்டை, ஓர் இதழை, ஒரு பந்தியை எவ்வாறு நடத்துவது என்ற அறிவு இருந்தது. அதைக் கொண்டு அவர் முகோவாலில் ஒரு பள்ளியைத் திறந்தார். அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையும் ஜன்னலுக்கு வெளியே நிற்கவில்லை.